பினாங்கில் சில வாரங்கள்: ஜார்ஜ் டவுனில் எந்தப் பக்கம் அறை எடுப்பது?

பினாங்குக்கு மூன்று நாள் சுற்றுலா போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்கள் காலையில் கிளம்பி இரவில் திரும்புவார்கள். அறை தலை சாய்க்க மட்டும்தான். இரண்டு மூன்று வாரம் அங்கேயே இருந்து, தெரு பழகி, காலைக் காப்பிக்கு ஒரு கடையைப் பிடித்துவைத்துக்கொண்டு நிதானமாக வாழ்ந்து பார்க்க நினைப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். பினாங்குத் தீவின் தலைநகர் ஜார்ஜ் டவுனில், பழைய நகரத்துக்குள் அறை எடுப்பதா, கர்னி டிரைவ் பக்கம் அடுக்குமாடி வீடு எடுப்பதா, பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கே போய்விடுவதா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்றானது. அடுத்த ஆண்டே சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானமும் வந்துவிட்டது. அதன் பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். (விசா சலுகை அவ்வப்போது நீட்டிக்கப்படுவது, கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும்.)

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கத் தெம்பிருந்தால் பழைய நகரம். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட வந்தால் கர்னி டிரைவை ஒட்டிய புலாவ் திக்குஸ். சின்னப் பிள்ளைகளோடு போய், நீச்சல் குளமே போதும் என்பவர்களுக்கு மட்டும் பத்து ஃபெரிங்கி. ஆனால் பழைய நகரம் என்று முடிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. அங்கே எந்தத் தெரு, எந்த அறை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் தூக்கம். ஒரு வாரத்துக்கு மேல் தங்கும்போது இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஜன்னல் இருக்கிறதா, இரவு எத்தனை மணிவரை கீழே சத்தம் என்பதை அறையின் அழகுக்கு முன்னால் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நடந்து போகும் தூரத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. ஒவ்வொரு வேளைக்கும் வண்டி பிடிக்க வேண்டியிருந்தால் மலிவான அறை மலிவானதல்ல. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இதை முதலிடத்துக்கே கொண்டுபோகலாம். உள்ளூர்ச் சமையலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, கீரை வதக்கல் வரைக்கும் நுழைந்திருக்கும்.

மூன்றாவது, உடன் வருகிறவர்கள். படி ஏற முடியுமா, வெயிலில் பத்து நிமிடம் நடக்க முடியுமா?

நான்காவது, மொத்தச் செலவு. பதிவு செய்யும்போது திரையில் தெரிவது பாதிக் கணக்குதான். வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்குகிறார்கள். 2017இல் விடுதிகளுக்கு வந்த இந்த வரி, 2023 முதல் இணையதளங்கள் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளுக்கும் உண்டு. இருபது இரவுக்கு 200 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டை இருபது ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் நாலாயிரம் ரூபாய். இது ஆளுக்கல்ல, அறைக்கு. ஆகவே இருவர் தனித்தனி அறை எடுத்தால் இரட்டிப்பு. இதற்கு மேல் பினாங்கின் சிறிய உள்ளூர்க் கட்டணம் ஒன்று. பதிவு பெற்ற விடுதிகளில் சேவை வரி வேறு, 2024 மார்ச் முதல் 8 சதவீதம்.

கடல் தெரியும் அறையா என்பதைப் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன். நாலாவது நாளுக்குப் பிறகு திரைச்சீலையை வெயிலுக்காக மூடித்தான் வைப்பீர்கள்.

| | பழைய நகரம் | புலாவ் திக்குஸ், கர்னி | பத்து ஃபெரிங்கி |
|---|---|---|---|
| இரவுத் தூக்கம் | தெருவைப் பொறுத்தது | நன்று | நன்று |
| நடந்துபோய்ச் சாப்பிட | மிக நன்று | நன்று. நம்மூர்ச் சைவம் குறைவு | சுமார் |
| பெரியவர்களுக்கு | படிகள், நடைபாதைத் தடைகள் | லிஃப்ட் உண்டு | விடுதிக்குள் வசதி, வெளியே சிரமம் |
| மறைந்திருக்கும் செலவு | வார இறுதி விலை, துணி வெளுப்பு | முன்பணம், சுத்தம் செய்யும் கட்டணம் | வண்டிச் செலவு, விடுதிச் சாப்பாடு |
| எத்தனை நாளுக்கு | ஒன்றிரண்டு வாரம் | இரண்டு வாரத்துக்கு மேல் | நாலைந்து நாள் |

## பழைய நகரம்: தெருவைத் தேர்ந்தெடுங்கள்

1786இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடத்தில் தொடங்கிய ஊர் இது. 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆயிரக்கணக்கான பழைய கடைவீடுகள் இன்னும் நிற்பதற்குக் காரணம் பாரம்பரியப் பற்று மட்டுமல்ல. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும்தான். வாடகை மிகக் குறைவாக இருந்ததால் குடியிருந்தவர்கள் காலி செய்யவில்லை. உரிமையாளர்களுக்கு இடித்துக் கட்ட வழியும் இல்லை, பழுது பார்க்க மனமும் இல்லை. 2000 ஜனவரியில் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. காலியான வீடுகள் பிறகு விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

இந்தக் கதை நம் அறையைத் தீர்மானிக்கிறது. கடைவீடு என்பது குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட கட்டடம். முன்னால் கடை, பின்னால் குடும்பம், நடுவில் வெளிச்சமும் மழையும் இறங்குவதற்கு ஒரு திறந்த முற்றம். பக்கச் சுவர் இரண்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. அதை எட்டு அறையாகத் தடுத்தால், தெருவைப் பார்க்கும் முன்னறைக்கும் பின்பக்கச் சந்துப் பக்கம் பார்க்கும் கடைசி அறைக்கும்தான் உண்மையான ஜன்னல் கிடைக்கும். நடுவில் உள்ளவற்றுக்கு முற்றத்தைப் பார்த்த ஒரு சிறு திறப்பு இருக்கும். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. மரத்தடுப்பு என்றால் பக்கத்து அறையில் ஒருவர் கைப்பேசியில் பேசுவது வரிக்கு வரி கேட்கும். மாடிப்படி செங்குத்தாக, மரத்தில், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடியோடு இருக்கும். இருபத்தைந்து கிலோ பெட்டியை அதில் ஏற்றுவதற்கு முன் யார் தூக்குவது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முன்னறைக்கு வெளிச்சம், பின்னறைக்கு அமைதி. நீண்ட நாள் தங்குவதானால் பின்னறையைக் கேளுங்கள்.

இனி தெருக்கள். சூலியா தெருவின் மேற்குப் பாதியும் அதிலிருந்து பிரியும் லவ் லேனும் முதுகுப்பை இளைஞர்களின் ராஜ்யம். மதுக்கடைகளின் பாட்டு நள்ளிரவைத் தாண்டும். இருபத்திரண்டு வயதுக்கு அது வரம். மற்றவர்களுக்கு மூன்றாவது நாளே விடுதி மாற்றத் தோன்றும். ஆர்மேனியன் தெருப் பக்கம் 2012இல் வரையப்பட்ட சுவரோவியங்களால் பெயர் பெற்றது. சுவரில் வரைந்த பிள்ளைகளும் நிஜ சைக்கிளும் சேர்ந்த அந்தப் படத்தின் முன்னால் நின்று படமெடுக்கப் பகல் முழுவதும் வரிசை நிற்கும். பொழுது சாய்ந்ததும் தெரு அடங்கிவிடும். பகலில் வெளியே திரிகிறவர்களுக்கு நல்ல தேர்வு. முன்ட்ரி தெரு இன்னும் அமைதி, விலையும் அதற்கேற்ப.

லிட்டில் இந்தியாவைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். "இங்கிருந்து அங்கே போயும் நம்மூர்த் தெருவிலா தங்குவது?" என்கிறார்கள். இரண்டு நாள் பயணத்தில் அது நியாயம். மூன்று வாரத்தில் அது நியாயமல்ல என்பது என் கட்சி. மார்க்கெட் தெரு, குயின் தெரு, பினாங்கு தெருப் பகுதியில் காலை இட்லியிலிருந்து இரவு தோசைவரை நடந்துபோய்ச் சாப்பிடலாம். பெலாச்சான் பயம் இல்லை. தைக்கக் கொடுக்கலாம், பூ வாங்கலாம், தலைவலித் தைலத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். விலையை ரிங்கிட் என்று சொல்ல மாட்டார்கள். "எட்டு வெள்ளி" என்பார்கள். பாசிப் பயறும் பாத்திரமும் விற்கும் கடை வாசலில் பகலெல்லாம் சினிமாப் பாட்டு அலறும் என்பது உண்மை. ஆனால் கடை அடைத்ததும் பாட்டும் அடங்கிவிடும். லவ் லேனில் சத்தம் தொடங்கும் நேரத்தில் இங்கே முடிந்துவிடுகிறது.

இது ஒன்றும் பயணிகளுக்காக ஜோடித்த தெரு அல்ல. குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. சில நிமிட நடையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் மொகிதீன் காலத்தில் அமைந்தது. நாகூர் ஆண்டவர் பெயரில் சூலியா தெருவில் ஒரு தர்காவும் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படுவது பினாங்கு தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து. விடியற்காலைப் பாங்கொலியில் விழித்துக்கொள்பவர்கள், பள்ளிவாசலை ஒட்டிய விடுதிகளை மட்டும் தவிர்த்துக்கொள்ளலாம்.

பழைய நகரத்தின் மறைமுகச் செலவுகளில் முதலாவது வார இறுதி. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வெள்ளி மாலை கூட்டம் வந்து இறங்கும். அறை விலை ஏறும். பள்ளி விடுமுறையிலும் அப்படியே. சீனப் புத்தாண்டின்போது இன்னொரு சிக்கல்: அறை விலை உச்சத்தில் இருக்கும், சாப்பிடப் போனால் சீனக் கடைகளில் பல ஒரு வாரம் மூடியிருக்கும்.

இரண்டாவது, துணி. கடைவீட்டு அறைகளில் காயப்போட இடமிருக்காது. காசு போட்டால் சுழலும் இயந்திரங்கள் உள்ள டோபிக் கடைகள் ஊரெங்கும் உண்டு. வாரத்துக்கு இரண்டு நடை என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நடைபாதை. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் கூரைதான். ஆனால் நாலு கடைக்கு ஒன்று அதில் மேசை போட்டிருக்கும், இன்னொன்று மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருக்கும், ஒவ்வொரு வீட்டின் தளமும் ஒவ்வோர் உயரம். குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் கைத்தடி ஊன்றுகிறவர்களும் ஏறி இறங்கியே களைத்துப்போவார்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெருமழைக் காலம். 2017 நவம்பர் வெள்ளத்தைத் தீவு இன்னும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் தரைத்தள அறை வேண்டாம்.

## மரத்தூண் வீடுகள்: ஓரிரவுக்கு

வெல்ட் கீ கரையோரம் கடலுக்குள் மரத்தூண்கள் ஊன்றிக் கட்டிய சீனக் குலங்களின் படகுத்துறைக் குடியிருப்புகள் உள்ளன. சியூ, லிம், டான், லீ என்று ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறை. சிலவற்றில் தங்கும் அறைகள் கிடைக்கின்றன. படத்தில் பார்த்ததுமே பலர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சியூ துறையில் பகல் முழுவதும் வீட்டு வாசல்வரை சுற்றுலாக் கூட்டம். நீர் வடிந்தால் சேற்று வாடை. பலகைப் பாதையில் பெட்டிச் சக்கரம் உருண்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அங்கே குடியிருப்பவர்கள் குடும்பத்தோடு வாழ்கிறவர்கள், இரவில் நாம்தான் அடங்கி இருக்க வேண்டும். ஓரிரவு தங்கி விடிகாலையில் கடலைப் பார்க்கலாம். குடியேறும் இடமல்ல.

## புலாவ் திக்குஸும் கர்னி டிரைவும்

நகர நடுவில் உயர்ந்து நிற்கும் கொம்தார் கோபுரத்திலிருந்து வடமேற்கே சில கிலோமீட்டர். பெரிய ஊரின் நடுத்தரக் குடும்பப் பேட்டை. காலையில் சந்தை, கோயில், பள்ளிக்கூடம், வங்கி, பல் மருத்துவர் எல்லாம் இருக்கும். பர்மா லேனில் ஒரு தாய்லாந்துப் பௌத்த ஆலயமும் அதற்கு நேரெதிரே ஒரு பர்மியப் பௌத்த ஆலயமும் நிற்கின்றன. கடல் பக்கம் போனால் கர்னி டிரைவ். இரண்டு பெரிய வணிக வளாகங்கள், மாலை நடைக்கு அகலமான கரை. தனியார் மருத்துவமனைகள் இந்தச் சுற்றில் பல உண்டு. சிகிச்சைக்கென்றே இந்தோனேசியாவிலிருந்து வருகிறவர்களும் இங்கேதான் தங்குகிறார்கள். அப்பா அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தால் பதற வேண்டியதில்லை.

அடுக்குமாடியில் லிஃப்ட், சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், நீச்சல் குளம் எல்லாம் கிடைக்கும். ரசம் வைத்துக் குடிக்க முடிவது பத்து நாளுக்குப் பிறகு எவ்வளவு பெரிய விஷயம் என்பது போனால் தெரியும். மின்செருகி மூன்று சதுர முனை கொண்ட ஆங்கிலேய வகை. நம்மூர் வட்ட முனைச் செருகி பொருந்தாது, மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது சட்டம். குடியிருப்புக் கட்டடங்களைக் குறுகிய நாள் வாடகைக்கு விடுவதற்கு 2023இல் மாநில அரசு கடுமையான விதிமுறைகளைக் கொண்டுவந்தது. இணையத்தில் வீடு பட்டியலிடப்பட்டிருப்பதாலேயே கட்டட நிர்வாகம் அதற்கு அனுமதி தந்திருக்கிறது என்று பொருளல்ல. "காவலாளி கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்" என்று உரிமையாளர் செய்தி அனுப்பினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பெட்டியோடு வாசலில் நிற்கப்போவது அவரல்ல. வணிக அனுமதியுள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, முன்பணம். தரகர் வழியாக வீடு பார்க்கலாமே என்று சிலர் யோசிக்கிறார்கள். மலேசியாவில் வழக்கமான வாடகை ஒப்பந்தம் ஓராண்டுக்கு. இரண்டு மாத முன்பணமும் மின்சாரம், தண்ணீருக்குத் தனி வைப்பும் கேட்பார்கள். முப்பது நாள் விருந்தாளிக்கு அந்தக் கதவு திறக்காது. ஆகவே குறுகிய நாள் வாடகையில்தான் எடுக்க வேண்டும். சுத்தம் செய்யும் கட்டணம் மொத்தமாக ஒருமுறை வாங்கப்படுவதால் மூன்று நாளுக்கு இது நட்டம், பதினெட்டு நாளுக்கு லாபம்.

குறை என்னவென்றால், பழைய நகரத்தின் உயிர் இங்கே இல்லை. தினமும் அங்கே போய்வர 101ஆம் எண் பஸ் இருக்கிறது. ஓட்டுநர் மீதி தர மாட்டார் என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஐந்து தடவை போவீர்கள் என்றால் அங்கேயே தங்கியிருக்கலாம்.

## பத்து ஃபெரிங்கி

தீவின் வடகரையில், நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர். வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலை. சனி, ஞாயிறு நெரிசலில் பொறுமை வேண்டும். மணல் அழகு, சூரியன் மறைவது அழகு, இரவுச் சந்தை ஒன்று உண்டு. கடல்? மலாக்கா நீரிணை கலங்கலானது, ஜெல்லி மீன் தொல்லையும் உண்டு. கடலில் குளிக்கத்தான் போகிறேன் என்பவர்கள் லங்காவித் தீவைப் பாருங்கள். இங்கே எல்லாரும் குளிப்பது விடுதியின் குளத்தில்.

ஜார்ஜ் டவுனைப் பழக நினைப்பவருக்கு இது சரிப்படாது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகவும் முக்கால் மணிநேரம். இரவு எட்டரைக்குச் சூலியா தெருவில் வண்டிக்கடை மும்முரமாகும்போது திரும்பும் யோசனை வந்துவிடும். எட்டு வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள், கோயில் கோபுரமோ சுவரோவியமோ பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது என்ற நிலையில்தான் நாலு நாளுக்கு இது பொருந்தும். தஞ்சோங் புங்கா பாதி வழியில் இருக்கிறது. இரண்டின் குறைகளும் அதற்கு உண்டு.

## எதிர்க்கரை பட்டர்வொர்த்

அறை மலிவு என்று பார்த்து இதை எடுக்காதீர்கள். தினமும் படகில் போய்வருவது இனிமைதான். ஆனால் படகு நேரத்துக்கு உங்கள் மாலை கட்டுப்பட்டுவிடும். கோலாலம்பூருக்கு அதிகாலை ரயில் பிடிக்க வேண்டியவர் மட்டும் கடைசி இரவை இங்கே கழிக்கலாம். படகுத்துறையும் ரயில் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன.

## இரண்டாகப் பிரிப்பது

பதினைந்து நாளுக்கு மேல் இருந்தால் இதுதான் என் பரிந்துரை. முதல் ஐந்து இரவு, ஞாயிறு முதல் வெள்ளி காலைவரை, பழைய நகரத்தில் பின்னறை. வார இறுதிக் கூட்டம் வரும்போது புலாவ் திக்குஸுக்கு மாறிவிடுங்கள். விலையும் கூட்டமும் ஒருசேரத் தப்பும். அதற்குள் எந்தக் கடைக்கு எந்தப் பஸ்ஸில் திரும்பி வரவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் மட்டும் இதை மாற்றிக்கொள்ளலாம்: ரதப் புறப்பாட்டு நாளில் லிட்டில் இந்தியா, பூசத்தன்று காவடிகள் போகும் தண்ணீர்மலைக்குக் கிட்டவுள்ள புலாவ் திக்குஸ். அந்த நாட்களில் சாலை அடைப்பு இருப்பதால் வண்டியை நம்ப முடியாது. இரண்டு அறையையும் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

எங்கே தங்கினாலும் காப்பிக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரரிடம் நூடுல்ஸ் வாங்கி மேசையில் உட்கார்ந்தால் கடைக்காரரிடம் ஒரு பானமாவது வாங்க வேண்டும். இல்லையென்றால் உட்காரவே சிறு கட்டணம் என்று எழுதியே ஒட்டியிருப்பார்கள். மேசையும் வாடகையும் அவருடையது, வண்டிக்காரர் அவரிடம் இடம் எடுத்திருப்பவர். ஒரு தேநீர் சொல்லிவிடுங்கள்.

பதிவு செய்யுமுன் விடுதிக்காரருக்கு ஒரு செய்தி அனுப்பி இவற்றைக் கேளுங்கள். அறையின் ஜன்னல் தெருப் பக்கமா, பின்சந்துப் பக்கமா, முற்றத்தின் பக்கமா? தடுப்பு செங்கல்லா, மரமா? எத்தனை படி? சுற்றுலா வரி விலையில் அடக்கமா, வந்து கட்டுவதா? அடுக்குமாடி என்றால் குறுகிய நாள் வாடகைக்குக் கட்டட நிர்வாகத்தின் அனுமதி உண்டா? முகவரியில் லெபு பசார் என்றிருந்தால் ஊரார் மார்க்கெட் தெரு என்பார்கள். பழைய பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டால் ஓட்டுநருக்கு விளக்க எளிது. ஜன்னல் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வராமல் மற்றவற்றுக்கெல்லாம் வந்தால், ஜன்னல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.